கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனிக் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: என் அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறாள். வயது 47, பள்ளிக்கூட ஆசிரியை. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி செய்துகொள்ள 14 மாதங்களுக்கு முன் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். தியேட்டருக்குள் நடந்தேதான் போனாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு நர்ஸ் ஓடி வந்து, "இதயம் நின்றுவிட்டது, மறுபடி துடிக்க வைத்துவிட்டோம், ஆபரேஷனைத் தொடங்கவே இல்லை" என்று சொன்னாராம். வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மூன்று வாரத்துக்கு மேல் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். இப்போது பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். மகன் பெயர் சில நாள் நினைவுக்கு வருகிறது, சில நாள் வருவதில்லை. "மயக்க மருந்தின் காம்ப்ளிகேஷன், யாருக்கு வேண்டுமானாலும் வரும், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறது நிர்வாகம். மயக்க மருந்து டாக்டர் தங்கள் ஊழியரே அல்ல, வெளியிலிருந்து வந்தவர் என்றும் கைவிரிக்கிறார்கள். பில் 7 லட்சத்தைத் தாண்டியது. அதில் ஒரு பகுதி மெடிக்ளெய்மில் வந்தது. போலீஸில் புகார் கொடு என்கிறார்கள் அத்தானின் நண்பர்கள். ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் வாயே திறக்க மாட்டார், விட்டுவிடு என்கிறார் அத்தானின் அப்பா. அக்காவைச் சென்னைக்கு அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொள்ள நினைக்கிறேன். பித்தப்பையில் கல் அப்படியே இருக்கிறது, அடிக்கடி வலி வருகிறது. அவளுக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுக்கலாமா? நாங்கள் எங்கே தொடங்குவது?

— வாசகி, தாம்பரம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நியாயம் கேட்கலாமா என்பது ஒன்று. அக்காவுக்கு மறுபடி மயக்க மருந்து கொடுக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்பதை உங்கள் எழுத்திலிருந்தே ஊகிக்கிறேன். வந்திருந்தால் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள்.

மயக்கவியல் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதுபோன்ற வழக்குகளில் நிபுணர் கருத்து எழுதித் தந்திருக்கிறேன், நோயாளி தரப்புக்கும் மருத்துவர் தரப்புக்கும். கட்டுக் கட்டாகக் காகிதம் வரும். நான் முதலில் தேடி எடுப்பது அனஸ்தீசியா சார்ட்டைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கடைசியில்தான் படிப்பேன். அது எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து யோசித்து எழுதப்படுவது. சார்ட் அப்படியல்ல, தியேட்டருக்குள், நடக்க நடக்க எழுதப்பட வேண்டியது.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். கட்டம் போட்ட ஒரு பெரிய தாள். மேலே இடமிருந்து வலமாக நேரம் ஓடும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்குக் கீழ்நோக்கிய ஒரு அம்புக்குறி, கீழ் அளவுக்கு மேல்நோக்கிய ஒன்று, நாடித்துடிப்புக்குப் புள்ளி. அதற்கடியில் ஆக்சிஜன் அளவுக்கு ஒரு வரி, வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு வரி. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதும், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டது முதல் முயற்சியிலா மூன்றாவதிலா என்பதும் அதில் இருக்க வேண்டும். சில மருத்துவமனைகளில் இப்போது மானிட்டரே இதையெல்லாம் பதிந்து அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. கையால் எழுதிய தாளாக இருந்தால், விடுபட்ட கட்டங்களைப் பாருங்கள். 8.50 வரை எல்லாம் ஒழுங்காக இருந்து, 9.10 வரை ஒன்றுமே இல்லாமல், பிறகு ஒரே பேனாவில் ஒரே சாய்வில் வரிசையாக எண்கள் நிரம்பியிருந்தால், அந்த இடைவெளியைப் பற்றித்தான் வழக்கு நடக்கும். ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உயிர் போகும் நேரத்தில் யாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பின்னால் எழுதுவது தவறில்லை. பின்னால் எழுதியது என்று குறிப்பிட்டு, நேரம் போட்டு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றில் கீறலே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி உங்களுக்குத் தோன்றுவதைவிட முக்கியமானது. லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவார்கள். அந்த வாயு ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்து இதயம் நிற்பதுண்டு. வயிறு உப்பும்போது இதயத்துடிப்பு மளமளவென்று குறைவதும் உண்டு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் வரக்கூடியவை இவை. ஆனால் வாயு ஏற்றத் துளையே போடவில்லை என்றால் இந்த இரண்டும் நடந்திருக்க முடியாது. ஆக, மயக்கம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து கத்தி வைப்பதற்கு முந்திய அந்தச் சில நிமிடங்களில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அப்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சார்ட்டில் தனித்தனித் தடயம் உண்டு.

முதலாவது மூச்சுப்பாதை. மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தும் மருந்தைப் போட்டதும் நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. டியூப் போட்டு நாம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். சிலருக்குத் தாடை அமைப்பாலோ கழுத்து வளையாததாலோ டியூப் போவது கடினம். சில நேரம் டியூப் மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போய்விடும். அது எந்த அனுபவசாலிக்கும் நேரக்கூடியது, அதுவே குற்றமாகாது. போனதைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் குற்றம். கண்டுபிடிக்க வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு கேப்னோகிராஃப் என்ற கருவி திரையில் கோடு காட்டுகிறது. மூச்சுக்கு மூச்சு கார்பன் டை ஆக்சைடு வந்தால், சாதாரணமாக 35 முதல் 45 வரை, டியூப் சரியான இடத்தில் இருக்கிறது. கோடு எழும்பவில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை, டியூப் தவறான இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு உடனே செயல்பட வேண்டும். இந்த வகையில் இதயம் நிற்கும்போது ஒரு வரிசை இருக்கும். முதலில் கார்பன் டை ஆக்சைடு கோடு படுக்கும், பிறகு ஆக்சிஜன் அளவு இறங்கும், பிறகு நாடி மெதுவாகும், கடைசியில் இதயம் நிற்கும். இடையில் எத்தனை நிமிடம் ஓடியது என்பதுதான் கேள்வி. மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம்தான் தாங்கும்.

இரண்டாவது மருந்து ஒவ்வாமை. தசை தளர்த்தும் மருந்துக்கோ, அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாட்டிக்குக்கோ உடம்பு கொந்தளித்துவிடும். இதில் வரிசை வேறு. மருந்து போன சில நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரியும், நாடி ஓடும், நுரையீரல் இறுகும், தோல் சிவக்கலாம். அட்ரினலின் எத்தனை நிமிடத்தில் போனது என்று பார்க்க வேண்டும். டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தார்களா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது, முன்பே இருந்த இதயக் கோளாறு, அல்லது மருந்தின் அளவு மிகுந்தது, அல்லது ஊசி மாறியது. ஆக்சிஜன் சரியாக இருக்கும்போதே இதயத்துடிப்பு திடீரென்று தாறுமாறாகும். அப்படியானால் அறுவைக்கு முந்திய பரிசோதனைத் தாளும் இ.சி.ஜி.யும் பேசும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், "காம்ப்ளிகேஷன்" என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்ள நீங்கள் யாரையும் அனுமதிக்கக் கூடாது. எந்தக் காம்ப்ளிகேஷன், எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் முதலில் கவனித்தார், அடுத்த நிமிடம் என்ன செய்தார் என்று கேளுங்கள். விபத்தும் கவனக்குறைவும் பிரிகிற இடம் அதுதான். வந்த ஆபத்தை வைத்து ஒரு மருத்துவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. வந்தபின் கழிந்த நிமிடங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மயக்க மருந்து இந்தியாவில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே உங்கள் அக்கா வாழும் ஊரில்தான். 1847 மார்ச் 22-ஆம் தேதி, கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், டாக்டர் ஓஷாக்னசியின் மேற்பார்வையில் ஈதர் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் அதே ஊரில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர் மெஸ்மரிசத்தால் மயக்கிப் பெரிய அறுவைகள் செய்துகொண்டிருந்தார். மறு ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டு இறந்தாள். குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. அன்று தொட்டு எங்கள் தொழில் பாதுகாப்பானது என்றால், நடந்ததை மறைக்காமல் எழுதிவைத்து, அடுத்தவர் படித்ததால்தான். 1980-களில் அமெரிக்க மயக்கவியலாளர்கள் முடிந்துபோன நஷ்ட ஈட்டு வழக்குகளின் கோப்புகளை வாங்கி வரிசையாகப் படித்தார்கள். மூளைச் சேதத்துக்கும் சாவுக்கும் பெரிய காரணமாக அவற்றில் கண்டது மூச்சு சம்பந்தமான கோளாறுகளை. பல்ஸ் ஆக்சிமீட்டரும் கேப்னோகிராஃபும் தியேட்டரின் கட்டாயப் பொருள்களானதில் அந்த வாசிப்புக்குப் பங்கு உண்டு. வழக்குத் தொடுப்பது மருத்துவத்துக்கு எதிரான காரியம் என்று யாராவது சொன்னால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

2005-இல் இங்கிலாந்தில் விமானி மார்ட்டின் பிராமிலியின் மனைவி சாதாரண சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்தபின் டியூப் போகவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள். ஆனாலும் டியூப் போடும் முயற்சியிலேயே நேரம் கரைந்தது. கழுத்தில் துளையிடும் கருவித்தட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து தந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. மனைவி பிழைக்கவில்லை. கணவர் நஷ்ட ஈட்டைவிட விசாரணையையே பெரிதாகக் கேட்டார். விமான விபத்தை ஆராய்வதுபோல இதை ஏன் ஆராய்வதில்லை என்று கேட்டு, இன்று மருத்துவர்களுக்குப் பாடமாக நடத்தப்படும் அளவுக்கு அந்தச் சம்பவத்தைக் கொண்டுபோனார். நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு குடும்பத்துக்கு இருக்கும் உரிமை, பணத்துக்கு முந்தியது என்று நானும் நினைக்கிறேன்.

இனி உங்கள் காரியம். இந்த வாரமே, அக்காவுக்காக அத்தான் பெயரில், மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். 14 மாதம்தானே ஆகிறது, "கிடைக்கவில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். பொதுவாக "கேஸ் ஷீட் வேண்டும்" என்று எழுதாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். அறுவைக்கு முந்திய அனஸ்தீசியா பரிசோதனைத் தாள், இரண்டு ஒப்புதல் படிவங்கள், அனஸ்தீசியா சார்ட், இதயத்தை மறுபடி துடிக்க வைத்த குறிப்பு, ரத்த வாயுப் பரிசோதனைகள், ஐ.சி.யூ. சார்ட், நர்ஸ்களின் குறிப்பு, மூளை ஸ்கேன், மயக்க மருந்து கொடுத்தவரின் பெயரும் பதிவு எண்ணும். மானிட்டரின் நினைவில் இருக்கும் பதிவு சில நாளில் அழிந்துவிடும், உங்களுக்கு அது இனிக் கிடைப்பது அரிது. இதைப் படிக்கும் மற்றவர்கள் நினைவில் வையுங்கள். அப்படி ஏதாவது நேர்ந்தால் அதே வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பதிவு. தர மறுத்தால் அதுவே சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையம் அதை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம்.

கையெழுத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஒப்புதல் படிவம், சொல்லப்பட்ட ஆபத்தை ஏற்றுக்கொள்வதற்குத்தான். கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அல்ல. ஒப்புதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. டெல்லியில் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு ஒப்புதல் கொடுத்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அவர் தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் அத்தான் கையெழுத்திட்ட படிவம் எந்த மொழியில் இருந்தது, மயக்க மருந்து டாக்டர் முதல் நாளே வந்து அக்காவைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அசைக்கச் சொல்லிப் பரிசோதித்தாரா என்பதையெல்லாம் இப்போதே தேதியோடு எழுதி வையுங்கள். ஞாபகம் மங்கிவிடும்.

"எங்கள் ஊழியர் அல்ல" என்ற பதிலும் நிற்காது. சவிதா கர்க் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டிவிட்டது. நோயாளி மருத்துவமனையை நம்பித்தான் வருகிறார். டாக்டர் சம்பளத்துக்கு இருப்பவரா வெளியிலிருந்து வருபவரா என்பது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனைக்கே வருகிறது.

எந்த வாசலுக்குப் போவது? நான் நுகர்வோர் ஆணையம் என்பேன். 1995-இல் வி.பி. சாந்தா வழக்குக்குப் பிறகு பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மெடிக்ளெய்ம் பணம் கட்டியதாக இருந்தாலும் சரி. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உங்களுக்கு இரண்டு வசதிகள் உண்டு. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அக்காவும் அத்தானும் நிஜமாகவே சென்னைக்குக் குடி வந்துவிட்டால் சென்னையில் போடலாம். எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். உங்கள் 7 லட்சத்துக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. உங்களுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டென்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள்.

போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்வது மருத்துவர்மேல் உள்ள பாசத்தால் அல்ல. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இன்னொரு மருத்துவரின் சார்பற்ற கருத்து இல்லாமல் வழக்கைக் கொண்டு செலுத்தக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டு சுரேஷ் குப்தா வழக்கு எங்கள் துறையோடு நேரடியாகத் தொடர்புடையது. டெல்லியில் மூக்கு அறுவையில் இறந்த ஓர் இளைஞருக்குச் சரியான அளவு டியூப் போடாததால் ரத்தம் மூச்சுப்பாதைக்குள் போனது என்பது குற்றச்சாட்டு. அது நஷ்ட ஈட்டுக்கு உரிய தவறாக இருக்கலாம், குற்றம் ஆகாது என்று விடுவித்தார்கள். போலீஸ் வழக்கு இப்படி முடிந்தால் எதிர்த்தரப்பு அதையே கையில் பிடித்துக்கொண்டு உங்கள் நஷ்ட ஈட்டு மனுவை எதிர்க்கும்.

மேற்கு வங்கத்தில் 2017-இல் தனியார் மருத்துவமனைகளுக்கென ஒரு சட்டம் வந்து, அதன்கீழ் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இயங்குகிறது. பில், ஆவணம் தராதது, மருத்துவமனையின் சேவைக் குறை ஆகியவற்றுக்கு அங்கே எழுதலாம். மருத்துவரின் கவனக்குறைவு மேற்கு வங்க மருத்துவக் கவுன்சிலின் பார்வைக்குப் போகும். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தலாம், பணம் வாங்கித் தர முடியாது. எழுதுங்கள், ஆனால் அதன் பதிலுக்காக நுகர்வோர் வழக்கை நிறுத்தி வைக்காதீர்கள். ஏன் என்பதற்குக் கொல்கத்தாவிலேயே சான்று இருக்கிறது.

1998-இல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குக் கொல்கத்தா வந்த அனுராதா சாஹா என்ற குழந்தை உளவியலாளருக்குத் தோலில் தடிப்பு வந்தது. மருந்து ஒவ்வாமையால் தோலே உரிந்துபோகும் கொடிய நோயாக அது முற்றியது. நீண்ட நேரம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி அவருக்கு அளவுக்கு மீறிப் போடப்பட்டது. ஆம்ரி மருத்துவமனையில் சேர்த்து, பிறகு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோயும் மே 28-ஆம் தேதி இறந்தார். கணவர் குணால் சாஹாவே மருத்துவர், அமெரிக்காவில் ஆய்வாளர். மாநில மருத்துவக் கவுன்சில் தவறில்லை என்றது. குற்ற வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2006-இல் மனுவைத் தள்ளியது. அங்கேயே பலர் நின்றிருப்பார்கள். அவர் நிற்கவில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு நிரூபணமானது என்றது. 2013 அக்டோபர் 24-ஆம் தேதி சுமார் 6 கோடி ரூபாய், ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியோடு கொடுக்கச் சொன்னது. வட்டி சேர்ந்து 11 கோடியைத் தாண்டியது. குற்ற வழக்கிலும் கவுன்சிலிலும் தோற்றவர் நஷ்ட ஈட்டில் வென்றார், 15 ஆண்டு கழித்து.

அந்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் மிகப் பெரும் பகுதி, அனுராதா உயிரோடு இருந்திருந்தால் அமெரிக்காவில் சம்பாதித்திருக்கக்கூடியது. வலிக்கும் வேதனைக்கும் தந்தது 10 லட்சம்தான். நஷ்ட ஈடு பெரும்பாலும் வருமானத்தையும் செலவையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே அக்காவின் சம்பளச் சான்று, வேலை இழந்த கடிதம், பிசியோதெரபிச் சீட்டு, பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம், டாக்சிச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். உங்கள் நிலைமைக்கு நெருங்கியது ஹைதராபாத் பிரசாந்த் தனங்கா வழக்கு. பொறியியல் மாணவராக இருந்தபோது 1990-இல் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் நடந்த அறுவைக்குப் பின் இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்தில் தானே வாதாடினார். 2009-இல் ஒரு கோடி ரூபாய் கொடுக்க உத்தரவானது. குடும்பத்தின் வேதனையும் கணக்கில் சேரும். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், தவறான ஊசியால் மூளை பாதித்த குழந்தைக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் 1998-இல் நஷ்ட ஈடு உறுதியானது. மனுவில் அத்தானும் ஒரு புகார்தாரராகச் சேரட்டும்.

அத்தானின் அப்பா சொன்னதில் பாதி உண்மை. நிபுணர் கருத்துக் கிடைப்பது கடினம்தான், ஆனால் கிடைக்காமல் போகாது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் துறையிலும் ஓய்வு பெற்றவர்களிடமும் கேளுங்கள், கொல்கத்தாவுக்கு வெளியே கேட்பது நல்லது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்றும் 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். வக்கீலிடம் போகும் முன் சார்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் படித்துவிட்டு, எல்லாம் நேரத்தில் செய்திருக்கிறார்கள், இது தவிர்க்க முடியாதது என்று சொல்லவும் கூடும். அதைக் கேட்கும் மனத்தயாரிப்போடு போங்கள். அப்படியொரு பதில் கிடைத்தாலும், தெரியாமலே தவிப்பதைவிட அது மேல்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கொடுக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வலி வந்துகொண்டிருக்கும் பித்தப்பைக் கல்லை வழக்கு முடியும் வரை விட்டுவைக்கவும் முடியாது, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் அவசர அறுவையாகிவிடும். அடுத்த முறை மயக்கம் கொடுக்கப்போகும் டாக்டருக்கு முதல் தேவை அந்தச் சார்ட்தான். டியூப் போடுவதில் சிக்கல் என்றால் அவர் அக்காவை விழிப்போடு வைத்துக் கேமராக் குழாய் வழியாக டியூப் போடும் ஏற்பாட்டோடு வருவார். ஒவ்வாமை என்றால் எந்தெந்த மருந்து என்று முன்கூட்டியே தோலில் சோதித்து, அவற்றைத் தவிர்ப்பார். இதயம் என்றால் எக்கோ எடுத்து இதய நிபுணரிடம் அனுப்புவார். எதுவும் தெரியாமல் போனால் இருட்டில்தான் அவரும் கை வைக்க வேண்டியிருக்கும். எனவே மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில், "அடுத்த அறுவைக்கு உடனடியாகத் தேவை" என்பதையே முதல் காரணமாக எழுதுங்கள். வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். சிகிச்சைக்குக் கேட்கும் ஆவணத்தை மறுப்பது அவர்களுக்குக் கடினம், மறுத்தால் அந்த மறுப்பு உங்களுக்குப் பயன்படும்.

சென்னைக்கு வந்ததும் முழு வசதியுள்ள பெரிய மருத்துவமனையில், அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அனஸ்தீசியா பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். நீங்களும் கூடப் போங்கள், அக்காவால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் நெடுநேரம் மூச்சுத் திரும்பாமல் இருந்ததா, கடும் காய்ச்சல் வந்ததா என்று கேட்பார்கள், பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். தசை தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் என்சைம் பரம்பரையாகக் குறைவாக இருப்பது நம் பக்கத்தில் ஆரிய வைசிய சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம் என்று கோயம்புத்தூரில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆவணம் வராமலே போனாலும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லில் உள்ள மருந்துப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். அன்று என்னென்ன ஊசி உடைத்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக, விலையோடு இருக்கும்.

— மயக்கவியல் மருத்துவர் (ஓய்வு)